நானும் சீட்டுல சேந்துட்டேன்

ஏட்டி செல்வி,

எட்டு மாசமா ஒரு வரி போடலைன்னு கோவத்துல இருப்ப, தெரியும். அம்மா முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு தங்கராசு சொன்னான். பிள்ளைக்கு பயாலஜியா கம்ப்யூட்டரான்னு இன்னும் சண்டையாம்ல, விட்டுக்குடுத்துரு, நம்ம படிச்சு என்னத்தக் கிழிச்சோம். இங்க எல்லாரும் சுகம், உங்க அண்ணன் டயட்ல இருக்காரு, நம்பாத. சரி விஷயத்துக்கு வாரேன், இதை உன்ட்ட சொல்லலைன்னா எனக்கு சோறு எறங்காது.

எங்க தெருக்கோடி அக்கா ஞாபகம் இருக்கா, ரம்ல ஊறுன பழ கேக் குடுத்து உங்க அண்ணன் ரெண்டு துண்டு தின்னுட்டு பாட்டு பாடுனாரே, அந்த அக்கா. கறுப்பினத்தவங்க, அம்மா டிரினிடாட் தீவு, அப்பா இந்த அமெரிக்க ஜார்ஜியாக்காரரு. வீட்லயே கேக்கு பன்னு போட்டு வித்துக்கிட்டு, ஒரு சின்ன கடை புடிக்கணும் பெரிய ஓவன் வாங்கணும்னு நாலு வருஷமா அலையிறாங்க. பேங்க்ல அடமானத்துக்கு என்ன இருக்குன்னு கேக்கான், ஒண்ணும் இல்லாததுனாலதானட்டி லோன் கேக்காங்க.

இங்க அட்லாண்டாவுலயே ஃபியர்லெஸ் ஃபண்ட்னு கறுப்பினப் பெண்கள் நடத்துற ஒரு முதலீட்டு நிறுவனம். அவங்கள மாதிரி பெண்கள் நடத்துற சின்ன தொழிலுக்கு போட்டி வச்சு 20,000 டாலர் மானியம் குடுத்தாங்க. அக்கா பேப்பரெல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தாங்க. 2023 ஆகஸ்ட்ல எட்வர்ட் ப்ளம்னு ஒருத்தர், ஹார்வர்ட் யுனிவர்சிட்டி அட்மிஷன்ல இனத்தைப் பாக்கக் கூடாதுங்கிற கேஸை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கொண்டு போய் ஜெயிச்சாருல்ல அதே ஆளு, அவரோட அமைப்பு, கறுப்பினப் பெண்களுக்கு மட்டும்னு மானியம் வைக்கிறது இனப் பாகுபாடுன்னு கேஸ் போட்டுச்சு. எந்தச் சட்டத்தை வச்சுன்னு கேளு. 1866 சட்டம்! அடிமை முறை ஒழிஞ்ச கையோட, விடுதலையான சனங்களுக்கும் வெள்ளைக்காரங்க மாதிரியே ஒப்பந்தம் போட உரிமை உண்டுன்னு கொண்டு வந்த சட்டம். மழைக்குப் புடின்னு குடையக் குடுத்துட்டு அந்தக் கம்பாலயே அடிச்ச மாதிரி இல்ல? 2024 ஜூன்ல அப்பீல் கோர்ட்ல மூணு ஜட்ஜுல ரெண்டு பேரு ப்ளம் பக்கம், செப்டம்பர்ல சமரசம் பேசி போட்டியவே மூடிட்டாங்க.

உங்க அண்ணன் சொல்லுதாரு, வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு ஒரு மானியம் வச்சா நீ சும்மா இருப்பியான்னு. நியாயமான கேள்விதான், நானும் ரெண்டு நாள் யோசிச்சேன். ஆனா இந்த நாட்டுல புது கம்பெனிகளுக்கு முதலீட்டுக்காரங்க கொட்டுற பணத்துல கறுப்பினப் பெண்களுக்குப் போறது 1 சதவீதத்துக்கும் கீழ. பலகை மாட்டாமலே மத்தவங்களுக்கு மட்டும்னு நடக்குறதுக்கு எந்த கோர்ட்டுக்குப் போகன்னு கேட்டேன், மனுஷன் டிவி சவுண்டை கூட்டிட்டாரு.

அரசியல்லயும் இதே கதைதான். இங்க கவர்னர் எலெக்‌ஷனுக்கு நின்ன ஸ்டேசி ஏப்ரம்ஸ், பெரிய கட்சி சார்புல கவர்னருக்கு நின்ன மொத கறுப்பினப் பெண், 2018ல அவங்களுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல கடன்னு எதிர்க்கட்சி போட்டு காய்ச்சுனாங்க. படிப்புக் கடன், கிரெடிட் கார்டு, அம்மா அப்பாவப் பாத்துக்கிட்டதுல பாக்கி விழுந்த வரி, எல்லாத்தையும் அவங்களே வெளிப்படையா எழுதிருந்தாங்க. குடும்பத்தத் தாங்குனவ கையில காசு எப்டி இருக்கும்? ரெண்டு தடவை நின்னு ரெண்டு தடவையும் தோத்தாங்க.

அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒரு பாட்டியம்மா படம், மேகி வாக்கர். யாருன்னு தெரியாமலே மூணு வருஷமா அதப் பாத்துக்கிட்டு டீ குடிச்சிருக்கேன். போன லீவுல வர்ஜீனியாவுல ரிச்மண்ட் போனப்ப அந்தம்மா வீட்டையே பாத்தேன், இப்ப மியூசியமா வச்சிருக்காங்க. அடிமையா இருந்த தாய்க்குப் பொறந்தவங்க, அம்மா துணி தொவைச்சுக் குடுக்க இது கூடையத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலைஞ்ச பிள்ளை. 1903ல ஒரு பேங்க் தொறந்து தலைவரா உக்காந்துருச்சு, பேரே பென்னி சேவிங்ஸ் பேங்க், சில்லறைக் காசு பேங்க்! நம்ம பால் கணக்கு நோட்டு ஞாபகம் வந்துச்சு.

ஆனா என்னைப் புடிச்சு உலுக்குனது பேங்க் இல்லட்டி, அவங்க 1905ல தொறந்த ஜவுளிக்கடை. வேலைக்கு நின்னது கறுப்பினப் பெண்கள். வெள்ளைக்கார வியாபாரிங்க ஒண்ணு சேந்து மொத்தச் சரக்கு கிடைக்காம நெருக்குனாங்க, அதக் கூட தாங்கிருக்கலாம். சொந்த சனமே போதுமான அளவு வந்து வாங்கல. கூட்டத்துல கை தட்டிட்டு மறுநாள் வெள்ளைக்காரன் கடைக்குப் போயிருக்காங்க. 1911ல மூடியாச்சு.

அதக் கேட்டதும் மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஏன்னா நான் பண்ணுனது அதவிட கேவலம். இங்க நம்ம ஆளுங்க விழா ஒண்ணுக்கு அறுபது பேருக்கு அக்காட்ட கேக் ஆர்டர் வாங்கிக் குடுத்தேன், பெரிய உபகாரம் பண்ணுன மிதப்பு வேற. வெலைய அடிச்சு அடிச்சு பாதியாக்குனாங்க, காசு குடுக்க ரெண்டு மாசம். அதுல ஒரு அம்மா என் காதுல வந்து, அவங்க வீட்ல சுத்தமா இருக்குமான்னு கேட்டுச்சு. நான் வாயத் தொறக்கலட்டி. சிரிச்சேன். ஹாஸ்டல்ல வார்டனையே எதுத்துப் பேசுனவ, சிரிச்சு வச்சேன். பேச்சியக்கா நோட்டுல நம்ம பேருக்கு நேரா இன்னும் பாக்கி நிக்குதுல்ல, அன்னைக்கு ராத்திரி அதுவும் சேந்து ஞாபகம் வந்து தூக்கமே இல்ல.

ஒரு வாரம் கழிச்சுப் போயி மன்னிப்பு கேட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல, ஒரு பன்னை எடுத்து வச்சுட்டு, சூசூ போடுறோம், சேருதியான்னாங்க. என்னன்னு பாத்தா நம்ம சீட்டேதான்! டிரினிடாட் பொம்பளைங்க தலைமுறை தலைமுறையா போடுறது. ஏலம் கெடையாது, கழிவு கெடையாது, எழுத்து கெடையாது, வாய் வார்த்தைதான். பன்னெண்டு பேரு, மாசம் 250 டாலர், மொத்தம் 3,000 அப்படியே ஒருத்தர் கைக்கு. மொத கை அக்காவுக்கு, பழைய ஓவன் ஒண்ணு பேசி வச்சிருக்காங்க. எனக்கு ஒம்பதாவது.

இன்னும் உங்க அண்ணன்ட்ட சொல்லல. மொத மாசக் காசு மளிகைக் கணக்குல போயிருக்கு. போன் பண்ணும்போது உளறிராத.

உன்
சுமதி