பட்டுக்கடைக்கு ஒன்றரை மணி, தோட்டத்துக்கு 35 நிமிடம்

சீனாவுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வசந்தத்தில் உங்களில் ஒருவர் நடத்திய ஷாங்காய்ப் பயணத்தில் சிங்கப்பூரிலிருந்து போன 24 பேரில் நானும் ஒருவன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நாலைந்து பேருடைய பயணத் தாள்களை வைத்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே அச்சு. சூச்சோ நகரத்துக்கு ஒரு பகல். அதில் பட்டுக்கடைக்கு ஒன்றரை மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், வாங்ஷி யுவான் தோட்டத்துக்கு 35 நிமிடம். கடையில் ஒரு பட்டுப் போர்வையை என் தலையில் கட்டினார்கள். போர்வை நன்றாகத்தான் இருக்கிறது. நான் எழுதுவது அந்த 35 நிமிடத்தைப் பற்றி.

பேருந்தில் வழிகாட்டி, “அடுத்து வலை ஆசான் தோட்டம்” என்றார். வாங்ஷி யுவான் என்பதற்கு அதுதான் பொருள். “வெப்சைட் நடத்தினவரா?” என்று பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்க, எல்லாரும் சிரித்தோம். சீனத்திலும் ‘வாங்’ என்றால் மீன்வலையும் உண்டு, இணையமும் உண்டு. அந்தக் கிண்டல் இரண்டு மொழியிலும் செல்லும். ஆனால் வழிகாட்டி அதோடு விட்டுவிட்டார். அந்த வீட்டின் கதையே பெயரில்தான் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஷி செங்ஷி என்ற அதிகாரி இங்கே வீடு கட்டினார். நூல்கள் நிறைந்த கூடத்துக்குப் ‘பத்தாயிரம் சுவடி மண்டபம்’ என்று பெயர். தோட்டத்துக்கு ‘மீனவன் ஒதுங்கிய இடம்’. பின்னால் சிதைந்து கிடந்ததை 18ஆம் நூற்றாண்டில் சோங் சோங்யுவான் என்ற இன்னொரு அதிகாரி எடுத்துக் கட்டி, மீனவனைக் குறிக்கும் ‘வாங்ஷி’ என்ற சொல்லையே பெயராக வைத்தார். இருவருமே வலையைத் தொட்டிருக்க மாட்டார்கள். மீன் வாங்கி வரவும் ஆள் இருந்திருக்கும். பதவியும் அரசவைப் பூசலும் போதும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

குளத்தின் தென்கரையில் ஒரு மண்டபம். ‘தொப்பிக் கயிறு கழுவும் நீர்மண்டபம்’ என்று பெயர். பண்டைச் சீனாவின் சூ நாட்டுப் பழங்கவிதை ஒன்றில், நாடு கடத்தப்பட்ட அமைச்சரிடம் ஒரு மீனவன் பாடுகிறான்: ஆறு தெளிந்திருந்தால் தொப்பிக் கயிற்றைக் கழுவலாம், கலங்கியிருந்தால் காலைக் கழுவலாம். தொப்பி அதிகாரிக்கு உரியது. ஆட்சி தெளிந்திருந்தால் பதவி, கலங்கினால் விலகல் என்பது கருத்து. அதாவது அந்தப் பெயர்ப்பலகையே ஒரு ராஜினாமாக் கடிதம். இதைப் பேருந்திலேயே இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு அது தண்ணீரோரம் நின்ற ஒரு மரக்கொட்டகை, அவ்வளவுதான்.

“சின்ன இடம்தான், சீக்கிரம் பார்த்துவிடலாம்” என்றார் வழிகாட்டி. வீடும் தோட்டமுமாகச் சேர்ந்தே ஒன்றேகால் ஏக்கரைச் சற்றுத் தாண்டும், உண்மைதான். ஆனால் சின்ன இடத்தைச் சீக்கிரம் பார்க்க முடியாதபடி செய்வதுதான் கட்டியவர்களின் வேலையே. தண்ணீரை ஒட்டியவை எல்லாம் சிறியவை, தாழ்ந்தவை. பெரிய கூடங்கள் பாறைக்கும் மரத்துக்கும் பின்னால் தள்ளி நிற்கின்றன. அதனால் குளம் விரிந்து தெரிகிறது. தென்கிழக்கு மூலையில் மூன்றே எட்டில் கடக்கிற ஒரு கல்பாலம். அதன் அடியில் நீர் ஒடுங்கி மறைவதால், எங்கிருந்தோ ஓடி வருவதுபோல் ஒரு மயக்கம். அறைகளின் பின்சுவருக்கும் மதிலுக்கும் நடுவே குறுகலான இடைவெளி விட்டு, அதில் கொஞ்சம் மூங்கில், ஒரு பாறை, ஒரு வாழை. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தால் சன்னல் சட்டத்துக்குள் அது ஓவியமாகிவிடும். நின்றால் ஆகாது. வழிகாட்டி பிடித்த கொடியின் பின்னால் வரிசையில் போன எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போனவரின் முதுகுப்பைதான்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா, “இவ்வளவு பெரிய வீட்டில் சமையலறை எங்கே?” என்று கேட்டார். அன்று கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார்.

பயணத்தின் கடைசி நாள் ‘சொந்த நேரம்’. ஷாங்காயில் அதிவேக ரயில் பிடித்தேன், அரை மணி நேரத்தில் சூச்சோ. (சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சூச்சோ என்றால் 1994இல் தொடங்கிய தொழிற்பேட்டைதான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.) தோட்டத்தில் நீங்கள் காட்டாமல் விட்ட மேற்கு முற்றத்துக்கு அன்றுதான் போனேன். வசந்தத்தின் கடைசியில் பூக்கும் பியோனிக்காகப் பெயர் பெற்ற இடம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1981இல் திறந்த சீன முற்றத்துக்கு இதுதான் மாதிரி. அதை எழுப்பச் சீனாவிலிருந்து 27 பேர் போனார்கள். 1930களில் ஓவியர் சாங் தாச்சியனும் அவருடைய அண்ணனும் இங்கே குடியிருந்தார்கள். அண்ணன் புலி வரைபவர், அதனால் ஒரு புலிக்குட்டியையே வளர்த்தார். பிற்காலத்தில் தாச்சியன் எழுதிக்கொடுத்த அதன் கல்லறைக் கல் இன்னும் அங்கே இருக்கிறது. எங்கள் பேருந்தில் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். புலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குழுவையே அவர்கள் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

குளத்தோரம் ‘நிலவும் காற்றும் வரும் மண்டபம்’ என்று ஒன்று. உள்ளே ஒரு பெரிய கண்ணாடி. வானத்தில் ஒன்று, நீரில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று என மூன்று நிலவு பார்க்கலாம் என்பார்கள். நான் போனது பகலில். ஆண்டின் சில மாதங்களில் மாலை வேளையில் கூடத்துக்குக் கூடம் குன்ச்சு நாடகமும் பிங்தான் பாட்டும் நடத்துகிறார்கள். ஒரே ஓர் இரவு சூச்சோவில் தங்க வையுங்கள், அது போதும். முடியாதென்றால் காலையில் கதவு திறக்கும்போதே கொண்டுபோய் விடுங்கள். குழுவை இரண்டாகப் பிரித்து, கொடியை மடித்து வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள்.

பட்டுக்கடை தரும் கமிஷனால்தான் பயணக் கட்டணம் குறைகிறது என்பது எங்களுக்கும் தெரியும். அது தலைக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
அந்த 24 பேரில் ஒருவன்