ஒரு விரல் மொத்த டயருக்காக, போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

போக்குவரத்துத் துறையில ரூல் போடுற ஐயா அம்மாமார்களுக்கும், அந்த ரூலை கையில வச்சுக்கிட்டு ரோட்ல வண்டிய ஓரங்கட்டச் சொல்ற பிரேக் இன்ஸ்பெக்டர் ஐயாமார்களுக்கும் வணக்கம்.

நான் கொடைக்கானல் மலைல தாண்டிக்குடி பக்கம் காபியும் மிளகும் போட்டிருக்கேன், நடுவுல கொஞ்சம் மலைவாழை. எங்க வீட்டுக்கு தார் ரோடு இல்ல, அதனாலதான் மஹிந்திராவோட தார் ஜீப்பு வாங்குனேன். ஸ்டைலுக்கு வாங்குனது இல்லைங்க, 2021ல கடன் போட்டு வாங்குனது, ரோடு முடியுற இடத்துல இருந்து மூணு கிலோமீட்டர் செம்மண்ணு, நடுவுல ஒரு ஓடை, டிராக்டர் போயி போயி ரெண்டு பக்கமும் முழங்கால் பள்ளம். வெயில் காலத்துல எந்த வண்டியும் வரும். ஐப்பசி கார்த்திகைல வந்து பாருங்க.

வண்டியோட வந்த டயர் 245/75 ஆர்16, ரோட்டுக்கு அருமையான டயர், சேத்துல ஒண்ணுத்துக்கும் ஆகாது. அது தேஞ்சதும் ஆவணில மாத்தப் போனேன். கடைக்கார தம்பி உடனே 285/75 போடுங்கண்ணே, 33 இன்ச், சும்மா கெத்தா இருக்கும்னான். நான் போன்லயே கணக்கு போட்டேன். டயர் அகலம் 245 மில்லி, அதுல 75 பர்சன்ட்னா பக்கச்சுவர் உசரம் 184 மில்லி, மேலயும் கீழயும் ரெண்டு தடவை, நடுவுல 16 இன்ச் ரிம்மு, மொத்தம் 774 மில்லி வருது. அவன் சொன்னது 834. அறுபது மில்லி ஜாஸ்தி, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா உள்ள உரசும், அப்புறம் வண்டிய உசத்துற லிஃப்ட் கிட்டு போடணும், பிக்கப் போகும், பிரேக் லேட்டா புடிக்கும், மீட்டர் 80 காட்டுறப்ப நெஜத்துல 86ல போவோம், பின் கதவுல தொங்குற ஸ்டெப்னி கனத்துக்கு கீல் தாங்குமான்னும் தெரியாது. வேணாம் தம்பின்னுட்டு 265/75 ஆர்16 ஏடி டயர், அதாவது ரோடு சேறு ரெண்டுக்கும் ஆகுற டயர், ஸ்டெப்னியோட அஞ்சும் ஒரே சைஸ் போட்டேன். அது 804 மில்லி. அதே ரிம்மு, வீல வெளிய தள்ளி வைக்கிற ஸ்பேசர் கெடையாது, மட்கார்டுக்கு வெளிய நீட்டல, டயர் பக்கத்துல அடிச்சிருக்குற லோடு நம்பர் பழைய டயரை விட கொறையாம பாத்துத்தான் வாங்குனேன். மீட்டர்ல 80ன்னா நெஜத்துல 83. இவ்வளவு யோசிச்சு நான் பொண்ணுக்கு மாப்ள கூட பாக்கல.

புரட்டாசில கீழ மெயின் ரோட்ல நிறுத்துனாங்க. எந்த இடம், எந்த ஐயான்னு சொல்ல மாட்டேன், எனக்கு ஆள் மேல சண்டை இல்ல. வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்து, டயர் மாத்தியிருக்கியா, இது மாடிஃபிகேஷன், 5,000ன்னாரு. ஐயா 30 மில்லிதான் பெருசுன்னேன். அவர்கிட்ட ஸ்கேல் இல்ல, என்கிட்ட இருந்த டேப்ப எடுத்து நீட்டுனேன், அது அவருக்கு இன்னும் கோவத்த கெளப்பிருச்சு. அடுத்த தடவை பாத்தா வண்டிய இங்கயே விட்டுட்டு நடந்து போகணும்னாரு. இன்சூரன்ஸ் ஏஜென்ட கேட்டா அவரும் இழுக்குறாரு, கிளைம்னு வந்தா சொல்ல முடியாதுண்ணேன்றாரு. சரி, சட்டத்துக்கு கட்டுப்பட்ட மனுசன் நானு, பழைய சைஸ்லயே புதுசா வாங்கி மாத்திட்டேன்.

ஐப்பசி ரெண்டாவது வாரம் எங்கப்பாவ ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வரேன். தொடை எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சு தச்சிருக்கு, 74 வயசு, பக்கத்து சீட்ட பின்னாடி சாச்சு கால நீட்டி உக்கார வச்சிருக்கேன். சாயங்காலம் மழை புடிச்சுக்கிச்சு. ஓடைய தாண்டிட்டேன், ஏத்தத்துல நாலு வீலும் மெதுவா பலமா இழுக்குற ஃபோர் லோ கியர் போட்டும் டயர் இடுக்கு பூரா செம்மண்ணு அப்பி மொட்டை டயர் மாதிரி ஆகி, வண்டி மெதுவா வழுக்கி பள்ளத்துல எறங்கிருச்சு. ரெண்டு பள்ளத்துக்கும் நடுவுல இருக்குற மேட்டுல வண்டிக்கு அடில இருக்குற அச்சுக்கூடு, அதான் ஹவுசிங், போயி உக்காந்துருச்சு. நாலு வீலும் சும்மா சுத்துது. எறங்கி டார்ச் அடிச்சுப் பாக்குறேன், ஹவுசிங் மண்ணுல பொதைஞ்சிருக்குறது ஒரு விரல் மொத்தம்.

30 மில்லி பெரிய டயர் போட்டா ஹவுசிங் 15 மில்லி உசரும், ஒரு விரல் மொத்தம்தான். டயர் மேல இருக்குற ரப்பர் பட்டனோட புடிப்புக்குத்தான் முக்கால்வாசி மார்க் குடுப்பேன், ஆனா அன்னிக்கு அந்த ஒரு விரலும் வேண்டியிருந்துச்சு. ரெண்டரை மணி நேரம் அப்பா வண்டிக்குள்ளயே. அட்டை எப்படியோ உள்ள ஏறி அவரு கட்டு ஓரத்துல ஒண்ணு ஒட்டியிருந்துச்சு, நான் பாக்குறதுக்குள்ள நல்லா குண்டாயிருச்சு. கடைசில தோட்டத்து ஆளுங்க நாலு பேரு பிளாஸ்டிக் சேர் கொண்டாந்து, அதுல அவர உக்கார வச்சு, மேல தார்ப்பாய புடிச்சுக்கிட்டு தூக்கிட்டுப் போனாங்க. போறப்ப அவரு கேட்டது ஒண்ணுதான், அந்த பெரிய டயர ஏண்டா கழட்டுன? 5,000 ரூவாக்கு பயந்துட்டேம்ப்பான்னு எப்படிங்க சொல்றது.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. எத்தனை மில்லி வரைக்கும் பெரிய டயர் போடலாம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. வேணாம்னா வேணாம்னு எழுதுங்க, அதுவும் பதில்தான்.

சட்டத்த நானும் படிச்சேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சில இருக்குற விவரம் கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுங்குது. கேரளாவுல இருந்து போன கேஸ்ல 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதியா சொல்லிருச்சு. மாத்துனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். ஒத்துக்கிறேன். ஆனா என் ஆர்சி கார்ட திருப்பித் திருப்பி பாத்துட்டேன், டயர் சைஸ்னு ஒரு வரி அதுல இல்லீங்க. இதே வண்டில மேல் வேரியன்ட்டுக்கு கம்பெனியே 255/65 ஆர்18 போட்டுத் தருது, அது 789 மில்லி. கம்பெனி 15 மில்லி ஏத்துனா டாப் மாடல், நான் இன்னொரு 15 ஏத்துனா குத்தவாளி. ஆஸ்திரேலியாக்காரன் இந்த மாதிரி ஃபோர் வீல் வண்டிங்களுக்கு கம்பெனி டயர விட 50 மில்லி வரைக்கும் பெருசு போடலாம்னு மில்லி கணக்குல எழுதியே வச்சிருக்கான். டேப் வச்சு அளந்தா சண்டை முடிஞ்சுது.

கட்சிக்கொடி கட்டிக்கிட்டு மட்கார்டுக்கு வெளிய அர அடி டயர் நீட்டிக்கிட்டு கறுப்புக் கண்ணாடியோட போற வண்டிக்கு என்ன அபராதம்னு நான் கேக்கல, அதுக்கு சல்யூட்டுன்னு எனக்கே தெரியும். பட்டன் 1.6 மில்லிக்கு கீழ தேயக்கூடாதுன்னு ரூல் இருக்கு, எங்க மலைக்கு ஏறுற வண்டிங்கள்ல எத்தனை மொட்டை டயர்ல ஓடுது, குனிஞ்சு பாத்த ஆள நான் பாத்ததில்ல. தேஞ்ச டயர்ல கொண்டை ஊசி வளைவு ஏறலாம், நல்ல டயர்ல ஏறக்கூடாது. இல்ல, அந்த மூணு கிலோமீட்டருக்கு ரோட்டப் போட்டுக் குடுங்க, சைக்கிள் டயர மாட்டிக்கூட ஓட்டுறேன். மனு குடுத்து குடுத்து எங்கப்பாவுக்கு மனு எழுதுற கையெழுத்தே அழகாயிருச்சு.

மன்னிக்கணும், வேற எங்கயோ போயிட்டேன், ரோடு உங்க துறை இல்ல. ஸ்பேசர் போட்டு பின்னால வர்றவன் கண்ணாடில கல்லடிக்கிற பசங்கள தாராளமா புடிங்க, நானே போட்டோ எடுத்து அனுப்புறேன். என்ன மாதிரி மலைக்காட்டுல இருக்குறவனுக்கு மட்டும், எந்த வண்டிக்கு எத்தனை மில்லின்னு தயவு பண்ணி ஒரு சுற்றறிக்கை போடுங்க. எவ்வளவு கட்டணம்னாலும் கட்டி, ஆபீஸ்ல வந்து அளந்து காட்டி, ஆர்சில ஏத்திக்க நான் ரெடி.

கழட்டுன அஞ்சு டயரும் காபி காயப்போடுற கொட்டாய்ல கெடக்கு, ஒண்ணுல கோழி அடை வச்சிருக்கு. தபால் எங்க ஊருக்கு மெதுவாத்தான் வரும், அதனால செலான் அனுப்புன அதே நம்பருக்கு பதிலையும் அனுப்புங்க, அது அஞ்சே நிமிசத்துல வந்துச்சு.

இப்படிக்கு,
தாண்டிக்குடி மலையில இருந்து ஒரு விவசாயி