பணத்தைத் திருப்பிக் கொடுக்க முதல் எங்கள் சின்னம்மாவை ஒருக்கால் கேளுங்கள்

விடுமுறை வீட்டு முன்பதிவுத் தளத்தின் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம்.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரை ஒட்டிய நாட்களில் எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். முறைப்பாட்டு இலக்கம், படங்கள், நான் அனுப்பிய ஏழு மின்னஞ்சல்கள் எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. ஏழுக்கும் வந்த பதில் ஒன்றுதான்: விருந்தினருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த முடிவு இறுதியானது, உங்கள் பொறுமைக்கு நன்றி. பொறுமையை நான் தந்ததாக நினைவில்லை. நீங்களாகவே எடுத்துக்கொண்டு நன்றி சொல்கிறீர்கள். சரி, எட்டாவது கடிதத்தை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு விருந்தினர் குறை சொன்னால், அவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுக்க முதல், அந்த வீட்டில் இருக்கிற மனிதரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரிந்த மொழியில் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த மனிதர் என் சின்னம்மா. அறுபத்தேழு வயது. பின்பக்கத்து அறையில் தனியாக இருக்கிறார். நான் இருப்பது லண்டனில். முன்வீட்டின் மூன்று அறைகளையும் உங்கள் தளத்தில் போட்டிருப்பது நான். படலையைத் திறப்பது, படுக்கை விரிப்பது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் அவர். உங்கள் பக்கத்தில் என் படத்துக்குக் கீழே ‘சிறந்த வீட்டுக்காரர்’ என்று போட்டிருந்தீர்களே, அந்தப் பட்டம் உண்மையில் அவருடையது. இப்போது அதையும் எடுத்துவிட்டீர்கள்.

ஆறு பேர், நாலு இரவு என்று பதிவு. இரண்டு வான் வந்தது. முதல் வானில் பதிவு செய்த குடும்பம், இரண்டாவதில் வன்னியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் அவர்களைப் பார்க்க வந்த சொந்தங்கள். பார்த்துவிட்டுப் போகவில்லை, தங்கிவிட்டார்கள். எல்லாமாகப் பதினைந்து பேர். அவர்கள்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷம் கழித்து ஒன்றாகச் சேர்ந்த குடும்பத்தை ஆள் எண்ணிப் பிரித்து அனுப்ப எனக்கும் மனம் வந்திருக்காது. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பவுசர்க்காரரிடம் தண்ணீருக்குச் சொல்லி வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

தண்ணீர்தான் பிரச்சினை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கிணற்றில் ஊறி, அடுத்த மழை வரைக்கும் எங்களைக் காப்பாற்ற வேண்டும். ஆவணியில் அந்தக் கணக்கு கடைசிப் பக்கத்துக்கு வந்துவிடும். அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறும். அதனால் சின்னம்மா மோட்டரைக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும் போடுவார். ஆயிரம் லீற்றர்த் தாங்கி நிரம்பும். ஆறு பேருக்குத் தாராளம். சுவிச்சுக்குப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறது: தயவுசெய்து நீங்களாகப் போடாதீர்கள்.

ஆனால் திருவிழாக் காலத்தில் ஆறு பேர் குளிப்பதும் பதினைந்து பேர் குளிப்பதும் சாதாரணப் பெருக்கல் கணக்கு இல்லை. காலைப் பூசைக்குப் போக முதல் குளிப்பு. ஆண்கள் ஈர வேட்டியோடு அங்கப்பிரதட்சணம் செய்து, நல்லூர் வீதி மணலை உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு வந்து திரும்பக் குளிப்பு. வெயில் தாழ, மாலைத் திருவிழாவுக்குப் போக இன்னொரு குளிப்பு. குளியலறை வடிகானில் இருந்து சின்னம்மா பிறகு ஒரு சட்டி வெள்ளை மணல் அள்ளியிருக்கிறார். இரண்டாம் நாள் பின்னேரம் தாங்கி வெறுமை. யாரோ மோட்டரைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போக, மோட்டர் காற்றை இழுத்து இழுத்து, உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், அதுதான் கொயில், எரிந்துவிட்டது.

அன்று இரவு நடந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் சின்னம்மா வீடியோவில் வந்தபோது, வலது கையைச் சீலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டே கதைத்தார். இடது கையால் ஒரு நாளும் போன் பிடிக்காதவர். காட்டச் சொன்னேன். காட்டவில்லை. அந்தப் பிள்ளைதான் போனைக் கீழே இறக்கிக் காட்டியது. உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து, பழைய வேட்டிக் கிழிசலால் கட்டுப் போட்டிருந்தது.

விஷயம் இதுதான். பழைய கப்பி இன்னும் கிணற்றில் இருக்கிறது. கயிறு புதுசு, நைலோன். ஒரு முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரில் வாளி சரிந்து நிரம்ப வேண்டும். அரை வாளிதான் வரும். ஊறும்வரை நிற்க வேண்டும், திரும்ப இறக்க வேண்டும். இரவு ஒன்பதரையில் தொடங்கி எத்தனை வாளி என்று கேட்டேன். “நாப்பது மட்டும் எண்ணினன் தம்பி, பிறகு விட்டுட்டன்” என்றார். அந்த வீட்டில் அன்று நாலைந்து இளந்தாரிகள் இருந்தார்கள். அவர்கள் ஐஸ்கிறீம் குடிக்கப் போயிருந்தார்கள்.

“ஏன் சின்னம்மா, எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே?”

“கைக்குழந்தை ஒண்டு வேர்க்குருவோட அழுதுகொண்டு கிடந்தது. உனக்கு எடுத்து நீ லண்டனிலை இருந்து தண்ணி ஊத்துவியே?”

அடுத்த நாள் காலை பவுசர் வந்தது. மோட்டருக்குக் கொயில் சுற்றக் கொடுத்தோம். விருந்தினர் நாலு இரவும் தங்கினார்கள், தேர் பார்த்தார்கள், தீர்த்தம் பார்த்தார்கள், சின்னம்மாவின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டும் போனார்கள். விமான நிலையத்தில் இருந்து உங்களுக்கு ஒரு படம் அனுப்பினார்கள்: திறந்த குழாய், கீழே காய்ந்த தொட்டி. நீங்கள் பதினொரு நிமிஷத்தில் முடிவு எடுத்தீர்கள். நாலு இரவுக்கும் முழுப் பணமும் திரும்பிப் போனது. எங்கள் வீட்டுக்கு ஒற்றை நட்சத்திரம், பக்கத்தில் இரண்டு வார்த்தை: தண்ணீர் இல்லை.

அந்தப் பதினொரு நிமிஷத்தில் ஒரு நிமிஷத்தைச் சின்னம்மாவுக்குத் தந்திருக்கலாம். அதைத்தான் கேட்கிறேன்.

நான் மறுத்து எழுதியபோது, பதினைந்து பேர் தங்கியதற்கு ஆதாரம் கேட்டீர்கள். படம் இருக்கிறதா என்றீர்கள். சின்னம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அப்படிப் படம் எடுக்கத் தெரிந்திருந்தாலும், வீட்டுக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்திப் படம் பிடித்து எண்ணுகிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அவர் ஆட்களையே எண்ணவில்லை. விறாந்தைப் படியில் கிடந்த செருப்பைத்தான் எண்ணினார். பதினாலு சோடி. பதினைந்தாவது கைக்குழந்தை, அதற்குச் செருப்பில்லை. இதை அப்படியே உங்களுக்கு எழுதினேன். “போதிய ஆதாரம் இல்லை” என்று பதில் வந்தது. காய்ந்த குழாய் சாட்சி சொல்லலாம், பதினாலு சோடி செருப்பு சொல்லக் கூடாது போலிருக்கிறது.

எண்ணத் தெரியாத ஆட்கள் நீங்கள் என்றும் சொல்ல முடியாது. இங்கே லண்டனில், முழு வீட்டை வருஷத்தில் 90 இரவுக்கு மேல் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடுவதானால் உள்ளூராட்சியின் அனுமதி வேண்டும் என்று 2015-இல் சட்டம் வந்தது. என் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு 90 இரவு முடிந்த அன்றே நீங்கள் நாட்காட்டியைப் பூட்டிவிட்டீர்கள். ஒரு இரவுகூடப் பிசகவில்லை. லண்டனில் இரவை எண்ணுகிறவர்களுக்கு நல்லூரில் தலையை எண்ண முடியவில்லை. பார்சிலோனாவில் 2028 நவம்பருக்குள் சுற்றுலா வீட்டு உரிமம் 10,101-ஐயும் இல்லாமல் ஆக்கப் போவதாக நகராட்சி அறிவித்தது. அங்கே வீட்டுக்காரர்கள் நகரபிதாவுக்குப் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது உங்கள் ஒற்றை நட்சத்திரத்துக்கு. நகரபிதாவையாவது தேர்தலில் மாற்றலாம்.

இதை வாசிக்கிற எங்கள் ஆட்கள் சிலர், “லண்டனில் இருந்துகொண்டு ஊர் வீட்டில் காசு பார்க்கிறான், இவனுக்கு ஒரு கவலையா” என்று நினைப்பார்கள் என்பதும் தெரியும். 1995 ஒக்டோபர் கடைசியில், போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே பெட்டி படுக்கையோடு தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த இரவில் பூட்டிய வீடு இது. திரும்பப் போனபோது பூட்டு இருந்தது, கதவு இல்லை. ஓடும் இல்லை, யன்னல் நிலையும் இல்லை. 2009-இல் போர் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சம்பளத்துக்கு ஒரு அறை என்று கட்டி எடுத்தோம். கட்டிய வீட்டைப் பூட்டி வைத்தால் கறையானுக்கு வாடகையில்லாமல் கொடுத்த மாதிரி. விற்கச் சின்னம்மா சம்மதிக்க மாட்டார், எனக்கும் மனமில்லை. வருகிறவர்கள் தருகிற காசில் சுண்ணாம்பு அடிக்கலாம், சின்னம்மாவின் மருந்துக்கும் ஆகும், வீட்டிலும் மனிதச் சத்தம் கேட்கும் என்றுதான் உங்களிடம் வந்தோம். உங்கள் விளம்பரத்திலும் இப்படி ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கிறது.

அந்த விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டை உங்கள் தளத்தில் ‘அசல் உள்ளூர் அனுபவம்’ என்ற வரிசையில் போட்டிருந்தீர்கள். ஆவணி மாதத்துக் கிணற்றில் இரவு பன்னிரண்டு மணிக்கு அரை வாளி தண்ணீர் எடுப்பதைவிட அசலான உள்ளூர் அனுபவம் யாழ்ப்பாணத்தில் வேறில்லை. அதை உங்கள் விருந்தினருக்குத் தராமல் சின்னம்மாவே முழுதாக வைத்துக்கொண்டார். அந்தக் குற்றத்துக்கு வேண்டுமானால் நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் எழுத்து எங்கேயோ போகிறது, மன்னிக்க வேண்டும். திரும்ப விஷயத்துக்கு வருகிறேன்.

போன பணத்தை நான் கேட்கவில்லை. அதை அந்தக் குழந்தையின் வேர்க்குருவுக்கு மருந்துச் செலவென்று எழுதிவிட்டேன். ‘தண்ணீர் இல்லை’ என்ற அந்த இரண்டு வார்த்தையை எடுத்தால் நல்லது. எடுக்க விதி இடம் தராது என்றால் கீழே நான் எழுதிய பதிலையாவது போடுங்கள், மூன்று கிழமையாக அது ‘பரிசீலனையில்’ இருக்கிறது. ஆனால் முக்கியமாகக் கேட்பது முதலில் கேட்டதுதான். இனி யார் வீட்டில் என்ன குறை வந்தாலும், பணத்தைத் திருப்ப முதல், அங்கே வாளியோடு நிற்கிற மனிதரைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேளுங்கள். எங்களைப் போல வீடு ஒரு நாட்டிலும் ஆள் ஒரு நாட்டிலுமாக இருக்கிறவர்கள் உங்கள் தளத்தில் நிறையப் பேர். அந்த வீடுகளிலும் ஒரு சின்னம்மாவோ ஒரு சித்தப்பாவோ இருப்பார்கள். உங்கள் கேள்விப் பெட்டியில் அவர்களுக்கு இடமே இல்லை.

தமிழ் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைப்பது உங்களுக்குப் பெரிய செலவாக இருக்காது என்று நினைக்கிறேன். கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், இங்கே ஈஸ்ட் ஹாமில் பஸ் தரிப்பிடத்தில் நின்று கேட்டாலே நாலு பேர் வருவார்கள்.

சின்னம்மாவின் தொலைபேசி இலக்கம் ‘அவசரத் தொடர்பு’ என்ற இடத்தில் நாலு வருஷமாக உங்களிடம் இருக்கிறது. இதுவரை ஒருவரும் எடுத்ததில்லை. காலையில் பத்து மணிக்குப் பிறகு எடுத்தால் பூசை முடித்து வீட்டில் இருப்பார். செவ்வாய், வெள்ளி என்றால் கொஞ்சம் பிந்தும். மணியை மட்டும் சற்று நேரம் அடிக்க விடுங்கள். கிணற்றடியில் இருந்து வந்து, கையைத் துடைத்துவிட்டுத்தான் எடுப்பார்.

இப்படிக்கு,
பணிவுடன்,
நல்லூர் வீட்டுக்காரன்,
லண்டன்.