‘மற்றும் ஒருவர்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அறுபது, எழுபதுகளின் மேற்கத்திய கிளாசிக் ராக் இசைக்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சினிமாப் பாட்டைத் தாண்டி உலகத்தில் இசையே கிடையாது என்று நம்பி நடத்தப்படும் பத்திரிகையில் இப்படி ஒரு கட்டுரை வந்ததே பெரிய காரியம். பாராட்டி நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நான்காம் பக்கத்தில் இங்கிலாந்தின் டீப் பர்ப்பிள் குழுவுக்கு நீங்கள் போட்டிருந்த பிச்சை கண்ணில் பட்டது. ஒரே ஒரு பத்தி. அதில், ‘ஒரு கிட்டார் மெட்டுக்காக மட்டுமே இன்று நினைக்கப்படும் குழு’ என்று ஒரு வரி. பக்கத்தில் ஐந்து பேர் நிற்கும் படம். படத்தின் கீழே: ‘இயன் கில்லன், ரிச்சி பிளாக்மோர், ஜான் லார்ட், ரோஜர் குளோவர் மற்றும் ஒருவர்.’

ஐயா, அந்த ‘மற்றும் ஒருவர்’ இயன் பெய்ஸ். ட்ரம்ஸ் வாசிப்பவர். 1968-ல் குழு உருவானதிலிருந்து அதன் எல்லா அணிகளிலும் இருந்த ஒரே ஆள் அவர்தான். பாடகர் கில்லன் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கிட்டார்காரர் பிளாக்மோர் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு வெளியேறினார். பெய்ஸ் மட்டும் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா பெயரெல்லாம் போட்டுவிட்டு மாப்பிள்ளை இருக்கவேண்டிய இடத்தில் ‘மற்றும் ஒருவர்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று உங்கள் இளம் கட்டுரையாளர் கேட்கலாம். எண்பதுகளில் பொன்மலையில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த காலம். ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போன உறவுக்காரர்கள் அனுப்பும் எல்.பி. ரெக்கார்டுகள் என் கடைக்குத்தான் முதலில் வரும். அந்தப் பக்கம் துவாக்குடியிலிருந்து ஆர்.இ.சி. இன்ஜினியரிங் கல்லூரி மாணவர்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து பாட்டுப் பட்டியலை நீட்டுவார்கள். திருட்டுப் பதிவு என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். அந்த ஊரில் அன்று அந்தப் பாட்டைக் காசு கொடுத்து வாங்க ஒரு கடையைக் காட்டியிருந்தால் நானே அனுப்பி வைத்திருப்பேன்.

ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ பாட்டைக் கேட்காத ஆளே இல்லை. அதற்கென்று தனியாக வைத்திருந்த கேசட் தேய்ந்து, நடுவில் குரல் இழுக்கும். அப்படியும் வாங்கிப் போனார்கள். லெட் செப்பலின் குழுவின் பாட்டைக் கேட்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு தடவை வாங்கியவன் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்து, “அண்ணே, அந்த ஜப்பான் கேசட் இன்னும் மூணு போடுங்க” என்று கேட்டது டீப் பர்ப்பிளுக்குத்தான்.

‘மேட் இன் ஜப்பான்’ என்ற அந்த ஆல்பம் 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மேடையில் பதிவானது. இரண்டு எல்.பி., நான்கு பக்கம், மொத்தமே ஏழு பாட்டு. நான்காம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபது நிமிடம். சி-60 கேசட்டைக் கொண்டுவருபவனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். சி-90 என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம், எல்.பி.யின் இரண்டு பக்கம் அதில் வெட்டுப்படாமல் அடங்கும். கேசட்டின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு ‘தி மியூல்’, ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். அதில் பெரும்பகுதி மற்ற நான்கு பேரும் ஒதுங்கி நிற்க, உங்கள் ‘மற்றும் ஒருவர்’ தனியாக வாசிக்கிறார். பதிவு டெக்கில் ஒலி அளவைக் காட்டும் இரண்டு முள்ளும் சிவப்பில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நான் இரண்டு குமிழையும் பிடித்துக்கொண்டு லெவலை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருப்பேன். லேசாக இறக்கினால் அவர் குச்சி நுனியால் உருட்டும் மெல்லிய இடம் காணாமல் போய்விடும். ஏற்றினால் அடுத்த அடியில் ஸ்பீக்கர் கிழியும். அவர் இடக்கைக்காரர், ட்ரம்ஸ் வரிசையையே மாற்றி வைத்துத்தான் வாசிப்பார். மேடைப் படத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்தது அந்த ‘ஒரு கிட்டார் மெட்டு’, அதாவது ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டின் மெட்டு. இசைக் கருவிக் கடைக்குள் நுழையும் எந்தப் பையனும் கிட்டாரை எடுத்தவுடன் வாசிப்பது அதைத்தான் என்று கட்டுரையாளர் கேலி செய்கிறார். சரி, வாசிக்கட்டும். அது வந்த கதையை ஒரு வரி சொல்லியிருக்கலாமே? 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தில் மோன்ட்ரோ. ஏரிக்கரைக் காசினோவில் அமெரிக்க ராக் கலைஞர் பிராங்க் ஜாப்பாவின் கச்சேரி நடக்கும்போது கூட்டத்தில் ஒருவன் வெளிச்சக் குண்டு விடும் ஃபிளேர் துப்பாக்கியால் சுட்டுவைத்தான். கூரை பற்றிக்கொண்டு கட்டடமே எரிந்து போனது. அதே காசினோவில் ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள்காரர்கள், தண்ணீர் மேல் புகை பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு முழுக்க இந்தக் கதைதான். பிறகு வேறொரு அரங்கில் இடம் பிடித்து வாசித்தால், அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டுப் போலீஸில் சொல்லிவிட்டார்கள். வெளியே போலீஸ் கதவைத் தட்ட, உள்ளே அவசர அவசரமாக எடுத்த பதிவுதான் அந்த மெட்டு. கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளைச் சாத்திவைத்து, ரோலிங் ஸ்டோன்ஸின் பதிவு வண்டியை வாடகைக்கு நிறுத்தி, மீதி ஆல்பத்தை முடித்தார்கள். இது ‘ஒரு கிட்டார் மெட்டு’ ஆகிவிட்டது உங்களுக்கு!

கட்டுரையின் கேள்வி, கிளாசிக் ராக்கின் பிரதிநிதி யார் என்பது. பதிலுக்கு விற்பனைக் கணக்கை எடுத்து வைத்திருக்கிறீர்கள். விற்பனைதான் என்றால் பிங்க் ஃபிளாய்டுக்கு மாலையைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். 1973-ல் வந்த அவர்களுடைய ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பம் 1988 வரை அமெரிக்கப் பட்டியலில் 741 வாரம் இருந்தது. அருமையான ஆல்பம். ஆனால் அது ஸ்டூடியோவில் இழைத்து இழைத்துச் செய்தது. பீட்டில்ஸ் 1966-லேயே ஊர் ஊராகப் போய் வாசிப்பதை நிறுத்திக்கொண்டவர்கள்; அவர்களை இந்தப் போட்டியில் சேர்ப்பதே அவர்களுக்கும் மரியாதை இல்லை, போட்டிக்கும் மரியாதை இல்லை. நீங்கள் மகுடம் சூட்டிய லெட் செப்பலின் பெரிய குழுதான். அவர்களுடைய ட்ரம்ஸ்காரர் பான்ஹம் 1980-ல் இறந்தவுடன் அவர் இல்லாமல் வேண்டாம் என்று கடையைக் கட்டினார்களே, அந்த மரியாதைக்கு என் வணக்கம். ஆனால் ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் தன் பாட்டைத் திருடிவிட்டார்கள் என்று 1985-ல் அவர்கள் மேல் வழக்குப் போட்டு, அவர்கள் சமாதானமாகப் போக நேர்ந்ததைப் பற்றி உங்கள் ஆறு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. டீப் பர்ப்பிள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். ‘சைல்ட் இன் டைம்’ பாட்டின் அடிப்படை, ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ என்ற அமெரிக்கக் குழுவின் ‘பாம்பே காலிங்’ மெட்டு. கில்லனே அதை வெளிப்படையாகச் சொன்னவர். 1995-ல் பம்பாயில் நடந்த தங்கள் கச்சேரியைப் பின்னால் டி.வி.டி.யாகப் போட்டபோது தலைப்பே அதுதான். திருடினாலும் வாசலில் எழுதிப் போட்டுவிட்டுத் திருடினார்கள்.

பிரதிநிதி என்றால் அந்த இசையில் இருக்கும் எல்லாமும் ஓரிடத்தில் இருக்கவேண்டும். ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனைக் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகியவர். சர்ச்சில் வாசிக்கும் வாத்தியம் உறும ஆரம்பித்தது அப்படித்தான். அதே மனிதர் 1969-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், மால்கம் ஆர்னால்டு நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு குழுவை உட்காரவைத்துத் தானே எழுதிய கச்சேரியை அரங்கேற்றினார். பெய்ஸின் கையில் ஜாஸ் இருக்கிறது. பிளாக்மோரின் விரலில் ஜெர்மன் இசைமேதை பாக் இருக்கிறார். மேடையில் கிட்டாரும் ஆர்கனும் எதிரெதிரே நின்று கேள்வியும் பதிலுமாக மோதும். சண்டையும் இருந்தது, பிரிவும் இருந்தது. பிரிந்து போனவர்களிடமிருந்து ரெயின்போ என்ற குழு வந்தது, ஒயிட்ஸ்நேக் என்ற குழு வந்தது. இத்தனையும் ஒரே குழுவில். வேறு எந்தக் குழுவைச் சொன்னாலும் இதில் ஒன்றிரண்டு குறையும்.

அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபமும் உங்களைப் போலத்தான். முதல் ரெக்கார்டு வந்து 25 ஆண்டு ஆனால் ஒரு குழு தகுதி பெறும். செப்பலினை 1995-லேயே சேர்த்துக்கொண்டார்கள். 1993-லேயே தகுதி பெற்றுவிட்ட டீப் பர்ப்பிளை 2016 வரை வாசலில் நிற்கவைத்தார்கள். அதற்குள் ஜான் லார்ட் 2012 ஜூலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இறந்த வாரம் உங்கள் பத்திரிகையில் ஏதாவது வரும் என்று பார்த்தேன். ஒரு நடிகரின் புது வீட்டுப் படம் நடுப்பக்கத்தில் வந்தது. கேட்டு எழுதினேன். அந்தக் கடிதத்தை மூன்று வரியாக்கி, ‘ஜான் லார்ட்’ என்பதை ‘ஜான் லார்டு சுவாமிகள்’ என்று யாரோ ஒருவர் திருத்தி அச்சிட்டீர்கள். கிறிஸ்தவப் பாதிரியார் என்று நினைத்திருக்கவேண்டும். அதையும் பொறுத்துக்கொண்டு சந்தாவைப் புதுப்பித்தவன் நான். பத்திரிகை விலையை ஏற்றினீர்கள், பேசவில்லை. வாசகர் கடிதப் பகுதியை அரைப் பக்கமாக்கி மீதியில் ராசிபலன் போட்டீர்கள், அப்போதும் பேசவில்லை.

என் பேரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘தி மியூல்’ ஓடும் அந்த ஒன்பது நிமிடத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, “தாத்தா, யார் இது?” என்று பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். பதினான்கு வயதுப் பையனுக்குத் தோன்றியது ஆசிரியர் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நான் கேட்பது ஒரு வரி. அடுத்த இதழில் எந்த மூலையிலாவது, ‘சென்ற இதழில் வெளியான டீப் பர்ப்பிள் படத்தில் ஐந்தாமவர் இயன் பெய்ஸ்’ என்று போடுங்கள். வருந்துகிறோம், மன்னிக்கவும் என்றெல்லாம் வேண்டாம். இந்தக் கடிதத்தையும் வெட்டுவீர்கள் என்று தெரியும். வெட்டும்போது இரண்டாவது பத்தியை மட்டும் விட்டுவைத்தால் போதும், அதையும் திருத்தாமல்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
பொன்மலை, திருச்சி.

பி.கு.: ஜூன் மாத இரண்டாவது இதழ் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. சந்தா டிசம்பர் வரை கட்டியிருக்கிறேன். தபாலில் மறுபடி அனுப்பச் சொல்லவும்.