அக்காவுக்கு, பெங்களூரிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் எப்படி? இங்கே விடியற்புறம் சரியான குளிர். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. ஞாயிற்றுக்கிழமையில் அல்சூர் பக்கம் போனால் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை, சுற்றிலும் தமிழ்க் கதை. வேறு நாட்டில் இருக்கிற எண்ணமே வராது.

ஆய்வுகூடத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். சிங்க் ஒக்சைட் நனோ துணிக்கை, அதாவது கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய துகள், செய்கிறேன். சிங்க் நைத்திரேற்றையும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, 500 பாகை செல்சியஸ் அளவில் சூடான உலைக்குள் வைப்போம். தண்ணீர் வற்றும், கூழாகும், நுரைத்துப் பொங்கும், சடாரென்று தீப்பற்றும். நைத்திரேற்று எரிய ஒட்சிசன் கொடுக்கும் ஒட்சியேற்றி, கிளைசின் எரிபொருள். வெளியேறும் வாயுக்கள் கட்டிபட விடாததால் பஞ்சு மாதிரித் தூள் மிஞ்சும். சூட்டோடு மஞ்சள், ஆற ஆற வெள்ளை. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை, அக்கா. இந்தச் செய்முறை இந்த ஊரிலேயே வளர்ந்தது என்பதில் தனி மகிழ்ச்சி. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் கே.சி. பாட்டீலும் கிங்ஸ்லியும் யூரியாவை எரிபொருளாக்கி, அலுமினாவை (அலுமினியம் ஒக்சைட்டை) 5 நிமிடத்துக்குள் இப்படிச் செய்து 1988-இல் வெளியிட்டார்கள்.

தூள் சீக்கிரம் வந்துவிடும். அது என்ன, எவ்வளவு சிறிது என்று நிறுவுவதில்தான் நாட்கள் போகின்றன. செம்பிலிருந்து வரும் எக்ஸ்-கதிரைத் தூளில் விழுத்தி, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் திரும்பி வருகிறது என்று வரைபடம் எடுப்போம். அதில் 36.3 பாகைக் கோணத்துக்கு அருகே மிக உயர்ந்த உச்சம், அதற்கு முன் 31.8, 34.4-இல் இரண்டு. மூன்றும் சரியாக நின்றால் அறுகோண சிங்க் ஒக்சைட் என்று நம்பலாம். உச்சம் அகல அகல, தூளில் உள்ள பளிங்கு (கிறிஸ்டல்) சிறிது. 1918-இல் ஷெரர் தந்த சமன்பாட்டில் அந்த அகலத்தைப் போட்டால் நனோமீற்றரில் ஓர் எண் வரும். கருவியே உச்சத்தைக் கொஞ்சம் அகலமாக்கும், அதைக் கழிக்க வேண்டும். அப்புறமும் கிடைப்பது பளிங்கின் அளவுதான். பல பளிங்குகள் ஒட்டி ஒரு துணிக்கையாக இருக்கலாம். அந்த ஓர் எண்ணை மட்டும் எழுதி முடித்துவிடுவது எனக்குப் பிடிக்காது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் மனம் ஒப்பும். அடுத்த கிழமை எனக்கு முறை கிடைத்திருக்கிறது. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

உங்கள் ஏ லெவல் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் பள்ளிக்கூடத்தில் செய்ய விடாதீர்கள். தீ எழும்பும், நச்சுப் புகையும் வரலாம். சிங்க் காபனேற்றைச் சோதனைக்குழாயில் சூடாக்கிக் காட்டினாலே அந்த மஞ்சள் தெரியும்.

அன்புடன்,
தங்கை