கிறிஸ்துமஸ் பொட்டலத்துச் சாக்லேட் குறித்து விழாக் குழுவினருக்கு

எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் விழாக் குழுவினருக்கு, ஸ்தோத்திரம்.

கீத பவனி முடிந்ததும் பிள்ளைகள் 400 பேருக்கும் இந்த ஆண்டு கேக்குக்குப் பதில் சாக்லேட் பொட்டலம் கொடுக்கப் போவதாக ஞாயிறு ஆராதனைக்குப் பின் அறிவித்தீர்கள். தலைக்கு 40 ரூபாய். நன்கொடை ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்க வேண்டும்.

என் அம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர். சாம்பலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாலும் தோட்டு எண்ணெய் விடாது. விரல் நுனி கருகித் தோல் உரியும். சோறு பிசைந்தால் எரியும் என்பதால் எங்கள் வீட்டில் கரண்டியால் சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். அந்த ஆலைக்குத் தூத்துக்குடி வழியாகக் கொட்டை வந்த சாக்கு ஒன்று எங்கள் வாசலில் மிதியடியாகக் கிடந்தது. ‘ஐவரி கோஸ்ட்’ என்று அதில் அச்சிட்டிருந்தது. ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்து, பல ஆண்டுகள் அந்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டின் பெயரில் காலைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போயிருக்கிறேன்.

உலகிலேயே அதிகமாகக் கொக்கோ விளைவதும் அதே நாட்டில்தான். பக்கத்து நாடான கானாவையும் சேர்த்தால் உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல். இவ்விரு நாடுகளிலும் சுமார் 15.6 லட்சம் பிள்ளைகள் கொக்கோ வேலையில் இருப்பதாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனம் 2020இல் கணக்கிட்டது. வெட்டுக்கத்தியால் காயைப் பிளப்பது, சுமை தூக்குவது, மருந்தடிப்பது என்று வேலை. பெரும்பாலோர் சொந்தக் குடும்பத் தோட்டத்தில் பாடுபடுகிறவர்கள். மாலியிலிருந்தும் புர்கினா ஃபாசோவிலிருந்தும் ஆள் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. அப்படிக் கொண்டுபோகப்பட்டதாகச் சொன்ன மாலிக்காரர் ஆறு பேர் கம்பெனிகள் மேல் போட்ட வழக்கு 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பெரிய சாக்லேட் கம்பெனிகளோ, மிக மோசமான குழந்தை உழைப்பை 2005க்குள் ஒழிப்பதாக 2001இல் கையெழுத்துப் போட்டவை. பிறகு ஒரு தவணை, அதற்கு மேல் இன்னொரு தவணை. நம் ஊர்ச் சீட்டுக்காரர் இத்தனை தவணை கேட்டிருந்தால் அவர் வாசலிலேயே பாயை விரித்து உட்கார்ந்திருப்போம்.

ஒரு தகப்பன் ஏன் பிள்ளையைத் தோட்டத்தில் இறக்குகிறான் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ரப்பர் ஷீட் விலை சரிந்த ஆண்டுகளில் குலசேகரம் பக்கம் பால்வெட்டை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் நம் உறவுக்காரர்கள்தான். 1980களில் கொக்கோ விலை விழுந்தபோது கேரளத்தில் பலர் மரங்களை வெட்டி எறிந்தார்கள். என் அப்பாவும் தென்னைக்கு நடுவே நின்ற பன்னிரண்டு மரங்களை வெட்டினார். அவருக்குத் தென்னை இருந்தது. கொக்கோவைத் தவிர வேறொன்றும் இல்லாதவன், கூலி கொடுக்க வழியில்லாமல், மகனைக் கூப்பிடுகிறான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் எங்கள் வீட்டில் சாக்லேட்டை விட்டுவிடவில்லை. குறைத்திருக்கிறோம், மாதம் ஒரு முறை, கொக்கோ எங்கே விளைந்தது என்று உறையில் போட்டிருப்பதாகப் பார்த்து. போடாத ஒரு கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். பொறுப்புடன் கொள்முதல் செய்கிறார்களாம். ஊர்ப் பெயர் மட்டும் வரவில்லை. விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்று உறையில் போடும் நியாய வணிக (ஃபேர்டிரேட்) முத்திரையும் முழுப் பதில் இல்லை. முத்திரை பெற்ற கொக்கோவையும் பெறாததையும் ஆலையில் கலக்க விதியே இடம் கொடுக்கிறது. வாங்கிய அளவுக்குக் கணக்கு ஒத்துப்போனால் போதும். ஆனாலும் அந்தக் கணக்காவது இருக்கிறதே என்று அதை வாங்குகிறேன். இன்னொன்று, விவசாயிகளே உறுப்பினர்களாக 1973இல் தொடங்கிய கேம்ப்கோ கூட்டுறவு கர்நாடகத்தின் புத்தூரில் 1986 முதல் சாக்லேட் ஆலை நடத்துகிறது. நம் நாட்டுக் கொக்கோ என்பதாலேயே எல்லாம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். அண்டியாபீசும் நம் நாட்டில்தான் இருந்தது. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கைக்கெட்டும் தூரத்தில் ஆள் இருக்கிறார்.

துபாயிலிருந்து வரும் என் மச்சான் பெட்டியைத் திறந்ததும் இரண்டு கிலோ சாக்லேட்டைக் கட்டிலில் கொட்டுவார். இரண்டாண்டு வெயிலில் நின்று சம்பாதித்துக் கொண்டுவந்தவரிடம் மாலியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். அன்போடு வருவதை மறுப்பது வேறு, நாமே காசு கொடுத்து 400 பொட்டலம் வாங்குவது வேறு.

ஆகவே என் வேண்டுகோள்: மார்த்தாண்டத்து மொத்தக் கடையில் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு ஒரு சின்னச் சாக்லேட், விளைந்த இடம் தெரிந்ததாக. மிச்சக் காசுக்கு ஆளுக்கு இரண்டு முந்திரிக்கொத்து. (பச்சைப்பயறும் கருப்பட்டியும் சேர்ந்த பலகாரம்தான். அதில் முந்திரி கிடையாது, அம்மா அதை வைத்து ஒவ்வொரு ஆண்டும் ஒரே நகைச்சுவையைச் சொல்வார்.) பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள், தெரியும். என் மகனும் சுளிப்பான்.

டிசம்பர் 10க்குள் முடிவு சொன்னால் பச்சைப்பயறு வறுத்துத் திரிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரிய உருளியும் உருட்ட நாலு பேரும் வேண்டும். கருப்பட்டிப் பாகுக்குப் பதம் சொல்ல அம்மா வருவார். உருட்ட மட்டும் அவரைக் கேட்காதீர்கள், விரல்கள் இப்போது மடங்குவதில்லை.

இப்படிக்கு,
சபை உறுப்பினர் ஒருத்தி