பாட்டியும் ரேடியேட்டர் திருகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிழக்கு ஐரோப்பாவின் சோவியத் காலத்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவற்றை இடித்துவிடுவதே நல்லது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில்தான் நான் மூன்று குளிர்காலமாக வாடகைக்கு இருக்கிறேன். எஸ்டோனியாவின் டார்ட்டு நகரம். 1950-60களில் சோவியத் தலைவராக இருந்த குருஷேவ் காலத்து ஐந்து மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது.

குறைகள் எனக்கும் தெரியும். அறைகளைச் சூடாக்க ஊர்ப் பொதுக் கொதிகலனிலிருந்து வரும் வெந்நீர், ஒரே குழாயில் மேல்மாடியில் தொடங்கி, அறைகளிலுள்ள ரேடியேட்டர்கள் (சூடாக்கும் தகடுகள்) வழியே வீடு வீடாகக் கீழே இறங்குகிறது. நமக்கு வேண்டிய அளவுக்குக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஜனவரியில் ஐந்தாம் மாடிப் பாட்டி புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைப்பார். முதல் மாடியில் நான் இரண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பேன். படுக்கையறை மூலையில் ஈரம் கோத்துக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது.

ஆனால் இதே ஊரில் 2016-இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தில், இதே வயதுக் கட்டடங்கள் பலவற்றைப் புதுப்பித்துவிட்டார்கள். வெளிச்சுவருக்குக் குளிரைத் தடுக்கும் கனமான காப்புறை, மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், கூரையில் சூரியத் தகடுகள், வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் காற்றோட்டக் கருவி. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். காற்றுக்கு வழி செய்யாமல் ஜன்னலை மட்டும் இறுக்கினால் பூஞ்சை இன்னும் கூடும். பக்கச் சுவர்களில் ஓவியமும் வரைந்திருக்கிறார்கள், பார்க்கவே மனசு நிறைகிறது.

சிக்கல் கான்கிரீட்டை விட உரிமையில்தான் அதிகம். 1990-களில் வீடுகள் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாயின. சரி, கூரை, படிக்கட்டு, குழாய்? அறுபது வீடு இருந்தால் அறுபது பேரும் ஒத்துக்கொள்ள வேண்டிய நிலை. எஸ்டோனியாவில் இதற்கு ஒரு வழி உண்டு: கட்டடத்துக்கு ஒரு வீட்டு உரிமையாளர் சங்கம். பெரும்பான்மை ஓட்டில் முடிவெடுத்துச் சங்கத்தின் பெயரிலேயே கடன் வாங்கலாம், மானியமும் உண்டு. கிழக்கு ஜெர்மனியில் நகராட்சி நிறுவனங்களும் கூட்டுறவுகளும் உரிமையைப் பெரும்பாலும் கைவிடாததால் இன்னும் துணிந்து செய்தார்கள். லைனஃபெல்டே என்ற சிறு நகரில் 180 மீட்டர் நீளக் கட்டடத்தை இடையிடையே வெட்டி, எட்டுத் தனித்தனிச் சிறு அடுக்குமாடிக் கட்டடங்களாக்கினார்கள். 2007-இல் உலக வாழ்விட விருது அந்த ஊருக்குக் கிடைத்தது.

இடித்த கதையும் இருக்கிறது. பெர்லினின் மார்ட்சான் பகுதியில் ஆளில்லை என்று வீடுகளைக் குறைத்தார்கள். இன்று அதே பெர்லினில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைகிறார்கள். மாஸ்கோவில் 2017-இல் சுமார் 5,000 கட்டடங்களை இடிக்கும் திட்டம் வந்தபோது, புது வீடு கிடைக்கும் என்று மகிழ்ந்தவர்களோடு, அக்கம்பக்கத்தை இழக்கிறோமே என்று தெருவில் இறங்கியவர்களும் இருந்தார்கள். உங்கள் கட்டுரையில் இந்த மனிதர்கள் வரவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் கட்டடத்தைப் புதுப்பிப்பது பற்றிச் சங்கக் கூட்டம் அடுத்த மாதம். வாடகைக்கு இருப்பதால் எனக்கு ஓட்டு இல்லை. ஐந்தாம் மாடிப் பாட்டியோ, "கடன் தீரும்வரை நான் எங்கே உயிரோடு இருக்கப் போகிறேன்" என்று தயங்குகிறார். நியாயமான கேள்விதான். போன வாரம் அவரைப் புதுப்பித்த கட்டடத்தில் இருக்கும் அவருடைய தோழி வீட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கே ரேடியேட்டர் திருகை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
டார்ட்டு, எஸ்டோனியா